பதின்மூன்றாம் படி: பள்ளிப் பேய் மர்மத்தைக் காட்சி நாவலாக எழுதுவது எப்படி?

பின்னணியில் ஒரு படம், அதன் கீழே ஒவ்வொரு வரியாக வரும் வசனம், நடுநடுவே வாசகர் எடுக்க வேண்டிய முடிவு: இதுதான் காட்சி நாவல். ஜப்பானில் இந்த வடிவமும் பேய்க் கதையும் தொடக்கத்திலேயே கைகோத்துக்கொண்டன. 1995ல் சூப்பர் ஃபாமிகாம் என்ற விளையாட்டுக் கருவிக்கு வந்த 'கக்கோ தே அத்தா கொவாய் ஹனாஷி'யில், பள்ளிப் பத்திரிகைக்காகப் பேய்க் கதை சொல்ல ஏழு பேரை அழைக்கிறார்கள். ஆறு பேர்தான் வருகிறார்கள். யார் முதலில் பேசுவது என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும். கதை தொடங்கும் முன்பே, வராத அந்த ஏழாமவர் நம் மனத்தில் உட்கார்ந்துவிடுகிறார்.

இந்த வகையில் உங்கள் முதல் சிறுகதையை உருவாக்கும் வழியைச் சொல்கிறேன். நிரல் எழுதிய அனுபவம் தேவையில்லை.

1. ஒரு வதந்தியை எடுங்கள்

ஜப்பானியப் பள்ளிகளில் 'ஏழு மர்மங்கள்' என்று மாணவர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்த கதைகள் உண்டு. மூன்றாம் மாடிக் கழிவறையின் மூன்றாவது கதவைத் தட்டினால் பதில் சொல்லும் ஹனாகோ, இரவில் தானே ஒலிக்கும் பியானோ, அறிவியல் கூடத்தை விட்டு நடந்துபோகும் மனித உடல் மாதிரி, பகலில் பன்னிரண்டாகவும் நள்ளிரவில் பதின்மூன்றாகவும் இருக்கும் படிக்கட்டு. பள்ளிக்குப் பள்ளி பட்டியல் மாறும். ஏழையும் அறிந்தவருக்குக் கேடு வரும் என்பது மட்டும் பல இடங்களில் ஒன்றுபோலவே சொல்லப்படுகிறது.

ஏழையும் எழுத ஆசை வரும். வேண்டாம், ஒன்று போதும். நாம் படிக்கட்டை எடுத்துக்கொள்வோம்.

2. நடந்ததை முதலில் எழுதுங்கள்

தொடக்கநிலை எழுத்தாளர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள். பயமுறுத்தும் காட்சிகளை அடுக்கிவிட்டுக் கடைசியில் காரணம் தேடுகிறார்கள். காரணத்தை முதல் நாளே ஒரு பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள். நம் கதைக்கு இப்படி:

பழைய மரக் கட்டடத்தின் படிக்கட்டில் ஒரு காலத்தில் உண்மையாகவே பதின்மூன்று படிகள் இருந்தன. சியோரி என்ற மாணவி அதில் தவறி விழுந்து இறந்தாள். பிறகு படிக்கட்டைப் பிரித்துக் கட்டினார்கள், ஒரு படி குறைந்தது. உயிரோடிருப்பவர்கள் பன்னிரண்டு என்று எண்ணுகிறார்கள். சியோரி தன் காலத்துப் படிக்கட்டில்தான் இன்னமும் ஏறுகிறாள்.

இதிலேயே பேயின் விதியும் இருக்கிறது: தான் வாழ்ந்த கால அளவில்தான் அவளுக்கு உலகம் தெரியும். இந்த விதியை ஓரிடத்திலும் மீறாதீர்கள். நினைத்ததையெல்லாம் செய்யும் பேயிடம் வாசகர் துப்புத் தேட மாட்டார். எல்லைக்குள் அடங்கிய பேயைத்தான் அவரால் கண்டுபிடிக்க முடியும்.

3. துப்பை வெளிச்சத்தில் வையுங்கள்

முதல் காட்சி நண்பகல். புதிதாக வந்த தோழியாக சியோரி கதாநாயகனோடு மாடி ஏறுகிறாள். "பதின்மூன்று படி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது" என்று சிரிக்கிறாள். அவ்வளவுதான். படிக்கட்டு பற்றிய வதந்தி இரண்டு காட்சிகள் கழித்தே வர வேண்டும். அதற்கு முன்பு யாரும் இந்த எண்ணைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

4. முடிவெடுக்கும் இடம்

அவள் சொன்னதும் இரண்டு வாய்ப்புகள் காட்டுங்கள்: 'பன்னிரண்டுதான் என்று திருத்து', 'சும்மா இரு'. திருத்தினால் அவள் எச்சரிக்கையாகிவிடுவாள், இனி சரியான எண்ணையே சொல்வாள், உண்மை கைநழுவும். சும்மா இருந்தால் இரவில் மீண்டும் பதின்மூன்று என்பாள். 'இடப்பக்கம் போ, வலப்பக்கம் போ' என்ற தேர்வில் வெறும் ஊகம்தான் இருக்கிறது. இங்கே ஒரு மனிதர் இன்னொருவரிடம் நடந்துகொள்ளும் விதமே கதையின் போக்கை மாற்றுகிறது.

விளைவை உடனே காட்டாதீர்கள். நாம் பயன்படுத்தப்போகும் மென்பொருளில் சுட்டியின் சக்கரத்தை உருட்டினால் கதை பின்னோக்கிப் போகும். அடுத்த வரியிலேயே விளைவு தெரிந்தால் வாசகர் திரும்பிப்போய் மாற்றிக்கொள்வார். இரண்டு காட்சிகளாவது தள்ளி வையுங்கள்.

5. ரென்பையில் ஏற்றுங்கள்

2004 முதல் கிடைக்கும் இலவச மென்பொருள் இது. காதல் என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்லான 'ரென்ஐ'யும் பைத்தான் என்ற நிரல்மொழியின் பெயரும் சேர்ந்தது இது. புதிய திட்டம் தொடங்கி, ஸ்கிரிப்ட் கோப்பைத் திறவுங்கள். ஐந்து கட்டளைகள் தெரிந்தால் போதும்: லேபிள் பகுதிக்குப் பெயரிடும், சீன் பின்னணியை மாற்றும், ஷோ பாத்திரத்தைக் காட்டும், மெனு தேர்வுகளைத் தரும், ஜம்ப் வேறு பகுதிக்குத் தாவும். மெனுவின் உள்ளே வரும் வரிகளை நான்கு இடைவெளி உள்தள்ளி எழுதுங்கள். டேப் விசையைப் பயன்படுத்தினால் பிழை காட்டும்.

தமிழில் எழுதுபவர்கள் அண்மைப் பதிப்பை இறக்கி, தமிழ் எழுத்துருக் கோப்பு ஒன்றை கேம் கோப்புறையில் வைத்து அமைப்பில் அதன் பெயரைக் கொடுக்க வேண்டும். பிறகு 'பேய்' என்று ஒரு வரி எழுதி ஓட்டிப் பாருங்கள். இரட்டைக் கொம்பு 'ப'வுக்கு முன்னால் சரியாக நின்றால் மேலே தொடரலாம். முழுக் கதையையும் தட்டச்சு செய்த பிறகு இதைப் பார்ப்பது பெரும் வேதனை.

6. ஒலியைக் குறையுங்கள்

ஜப்பானில் பேய்க் கதைக்குரிய பருவம் கோடை, முன்னோரை நினைவுகூரும் ஓபோன் வரும் காலம். அப்போது சிள்வண்டுகள் ஓயாமல் இரையும். முதல் காட்சியிலிருந்து அந்த இரைச்சலை ஓடவிடுங்கள். சியோரி தனியாகப் பேசும் இடங்களில் மட்டும் நிறுத்துங்கள். அலறலோ திடீர் இசையோ வேண்டாம்.

7. இரண்டாம் வாசிப்பை எழுதுங்கள்

எனக்கு இந்த வடிவத்தில் மிகவும் பிடித்தது இதுதான். கதாநாயகனுக்கு ஒவ்வொரு முறையும் எல்லாம் புதிது, வாசகருக்கோ நினைவிருக்கிறது. ஆட்டம் மூடப்பட்டாலும் அழியாத தகவலை ரென்பை 'பெர்சிஸ்டென்ட்' என்கிறது. ஒரு முடிவை எட்டியவர் மீண்டும் தொடங்கும்போது மூன்றாவது வாய்ப்பு ஒன்றைத் திறக்க அதைப் பயன்படுத்துங்கள்: 'அவளோடு சேர்ந்து எண்ணு'. அந்தத் தேர்வில் இருவரும் மெல்ல எண்ணிக்கொண்டு ஏறட்டும். பன்னிரண்டில் அவன் நிற்கட்டும். அடுத்த எண்ணை அவள் மட்டும் சொல்லட்டும்.

முடித்ததும் ஒரு நண்பரைப் படிக்கச் சொல்லி, பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். முதல் வாசிப்பிலேயே 'பதின்மூன்று' என்ற இடத்தில் அவர் நின்றுவிட்டால் அந்த வசனத்தை அடக்கி எழுதுங்கள். கதை முடிந்ததும் அவர் கை தானாகவே 'தொடங்கு' பொத்தானுக்குப் போனால் ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள்.