ஜாரில் இருந்தும் போகாத குக்கி

மூன்று நாள் போனது இந்த லாகின் பிழைக்கு. பெருங்குடி ஆபீஸில், என் லேப்டாப்பிலேயே ஓடும் ஜாங்கோ (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) சர்வரில், வெப் பக்கங்களைக் கேட்டு வாங்கும் ரிக்வெஸ்ட்ஸ் என்ற பைத்தான் லைப்ரரியின் செஷன் வழியாக லாகின் செய்தேன். 302, அதாவது வேறு பக்கத்துக்குப் போகச் சொல்லும் பதில், வந்தது. சரி, உள்ளே போய்விட்டோம் என்று அடுத்த பக்கத்தைக் கேட்டால் மறுபடியும் லாகின் பக்கம். குரோமில் அதே லோக்கல்ஹோஸ்ட் முகவரி ஒழுங்காக வேலை செய்தது.

யூசர் ஏஜென்டை மாற்றினேன், லைப்ரரியின் பழைய வெர்ஷனைப் போட்டேன். பலனில்லை. குக்கிகளைச் சேமித்து வைக்கும் ஜாரை பிரின்ட் செய்தால், நாம் லாகின் செய்திருப்பதை சர்வருக்குக் காட்டும் செஷன் குக்கி பத்திரமாக இருந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது.

அப்புறம்தான் உண்மையில் அனுப்பப்பட்ட ஹெடரைப் பார்த்தேன். குக்கி வரியில் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (போலி ஃபார்ம் கோரிக்கைகளைத் தடுப்பது) மட்டும் இருந்தது, செஷன் ஐடி இல்லை. செஷன் குக்கிக்கு மட்டும் செக்யூர் கொடி, அதாவது எச்டிடிபிஎஸ் வழியாக மட்டுமே அனுப்பு என்ற குறி! எச்டிடிபிஎஸ் இல்லாவிட்டால் பைத்தானின் குக்கிஜார் அதை வாங்கி வைத்துக்கொள்ளும், ஆனால் திருப்பி அனுப்பாது. குரோம் லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் விலக்கு தருகிறது.

லோக்கல் செட்டிங்ஸில் மட்டும் 'செஷன் குக்கி செக்யூர்' மதிப்பை ஃபால்ஸ் ஆக்கினேன். உடனே உள்ளே போனது. புரொடக்‌ஷனில் அதைத் தொடவே கூடாது. சர்வர் உங்கள் கையில் இல்லையென்றால், டெஸ்ட் ஸ்கிரிப்டில், எந்தக் குக்கியை அனுப்பலாம் என்று ஜாருக்குச் சொல்லும் குக்கி பாலிசியின் செக்யூர் புரோட்டோகால் பட்டியலில் எச்டிடிபியையும் சேர்க்கலாம்.