ஹங்கேரியன் மொழிக்கு ஆங்கிலம் வழியாகப் போகாதீர்கள்

ஆகஸ்ட் கடைசியில் ஹங்கேரியின் ஸெகெட் நகரத்தில் பெட்டிகளை உருட்டிக்கொண்டு புதுப் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். மருத்துவம் படிக்க வருகிறவர்கள், ஹங்கேரி அரசின் ஸ்டிபெண்டியம் ஹங்காரிகும் உதவித்தொகையில் வருகிறவர்கள், இரண்டும் இல்லாமல் வேலைக்கு வருகிறவர்கள். அதில் தமிழ்ப் பிள்ளைகள் எப்படியோ என் கைபேசி எண்ணைப் பிடித்துவிடுவார்கள். தீபாவளிக்குள் எனக்கு வரப்போகும் புலம்பல்களை இப்போதே வரிசையாக எழுதி வைத்துவிடலாம். வந்த புதிதில் நானும் அதே இடங்களில் தடுக்கி விழுந்தவன்தான்.

உச்சரிப்புப் பிழை, குறில் நெடில் குழப்பம், விகுதி மறப்பது எல்லாவற்றையும் இங்கே விட்டுவிடுகிறேன். பேசப் பேசச் சரியாகிவிடும். கேட்கிறவர்களும் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். நான் சொல்ல வருவது வேறு. மனசில் தமிழில் நினைத்ததை முதலில் ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலச் சொல்லை அகராதியில் போட்டு, முதலில் வரும் ஹங்கேரியச் சொல்லைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறார்களே, அது. தமிழில் தனித்தனியாக இருந்த பொருள்கள் ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் போய் அடைந்துகொள்கின்றன. ஹங்கேரியனில் அவை மறுபடியும் பிரிகின்றன. நமக்கு ஏற்கெனவே தெரிந்த வேறுபாட்டை நடுவில் நாமே தொலைத்துவிட்டுப் பிறகு தேடுகிறோம்.

சந்தையில்

பச்சை மிளகாய் வாங்க வேண்டும். கைபேசியில் "பெப்பர்" என்று போட்டால் "போர்ஷ்" என்று வரும். அது மிளகு. மிளகாயும் குடைமிளகாயும்தான் "பப்ரிகா". மிளகு, மிளகாய், குடைமிளகாய் என்று மூன்று பெயர் வைத்துப் புழங்கும் வீட்டிலிருந்து வந்த பிள்ளை மிளகுப் பொட்டலத்தோடு திரும்பி வருகிறது. அதுவும் எந்த ஊரில்? ஆல்பர்ட் ஸென்ட்-ஜார்ஜி பப்ரிகாவிலிருந்து வைட்டமின் சி-யைப் பெருமளவில் பிரித்தெடுத்த ஊரில். அந்த ஆய்வும் சேர்ந்துதான் 1937-ல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது.

"ஹாட்" அடுத்தது. சூடு வேறு, காரம் வேறு என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹங்கேரியர்களுக்கும் அப்படித்தான்: கொதிக்கக் கொதிக்க இருந்தால் "ஃபோரோ", நாக்கில் சுரீர் என்றால் "சீபோஷ்". உணவகத்தில் குழம்பைக் காட்டி "ஃபோரோ?" என்று கேட்டால், பரிமாறுகிறவர் ஆமாம் என்றுதான் சொல்வார், இப்போதுதானே அடுப்பிலிருந்து இறக்கினார்கள். காரமே இல்லாத தட்டு வந்த பிறகு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மார்ஸ் டேர் சந்தையில் பப்ரிகாத் தூள் வாங்கும்போதும் இதே கதை. "ஏதெஷ்னெமெஷ்" என்று போட்டிருந்தால் நிறம் மட்டும்தான், காரம் இருக்காது. சாம்பாருக்குப் போட்டால் சிவப்பாக ஒரு தண்ணீர் கிடைக்கும்.

தயிர் விஷயத்தில் தவறு நம் ஊர் ஆங்கிலத்தோடு வருகிறது. நாம் தயிரைக் "கர்ட்" என்போம். ஆங்கில அகராதிக்காரனுக்குக் கர்ட் என்றால் பால் திரிந்து வரும் கட்டி. அதனால் ஹங்கேரியனில் "தூரோ" என்று கொடுத்திருப்பான். தூரோ உதிரி உதிரியாக, பனீரைக் கையால் பொடித்த மாதிரி இருக்கும். நூடுல்ஸ் மாதிரி ஒன்றின் மேல் தூவித் தின்றால் அருமை. தயிர்சாதத்துக்கு ஆகாது. உங்களுக்கு வேண்டியது "நதூர் யோகுர்த்". புளிப்பு கொஞ்சம் தூக்கலாக வேண்டும் என்றால் "கெஃபிர்".

வெங்காயம்: "வோரோஷ்" என்றால் சிவப்புதான். ஆனால் "வோரோஷ்ஹத்யமா" பழுப்புத் தோல் உள்ள சாதாரண வெங்காயம். நம் ஊர்ப் பெரிய வெங்காயத்தின் நிறத்தில் வேண்டுமானால் "லிலாஹத்யமா" கேளுங்கள். ஹங்கேரியர்களின் கண்ணுக்கு அது ஊதா.

டெபாசிட்

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. மற்ற தவறுகளில் சாப்பாடு கெடும், மானம் கொஞ்சம் போகும். இதில் பணம் போகிறது. வருஷாவருஷம் போகிறது.

ஆங்கிலத்தில் டெபாசிட் என்று ஒரே சொல். வங்கியில் போட்டு வைக்கும் வைப்புத்தொகைக்கு ஹங்கேரியனில் "பெதேத்". காலி பாட்டிலைத் திருப்பிப் போட்டால் கிடைக்கும் 50 ஃபோரிந்துக்கு (ஹங்கேரிப் பணம்) வேறு பெயர். இவற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. வீடு பார்க்கும்போது வரும் மூன்று சொற்கள்தான் ஆளைக் கவிழ்ப்பவை.

"கௌத்ஸியோ" என்பது வீட்டுக்காரரிடம் பாதுகாப்புக்குக் கொடுத்து வைப்பது. பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு மாத வாடகை. காலி செய்யும்போது பாக்கியோ உடைசலோ இல்லையென்றால் திரும்பி வர வேண்டும். சென்னையில் நாம் "அட்வான்ஸ்" என்று சொல்வது இதைத்தான். சட்டத்தில் இதற்கு "ஓவதேக்" என்று பெயர். நீதிமன்றத்தில் ஜாமீனுக்குக் கட்டும் பணமும் அதே ஓவதேக்தான், ஒப்பந்தத்தில் பார்த்துப் பயப்படாதீர்கள்.

"எலோலெக்" என்பது மொத்தத் தொகையில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுப்பது. பேச்சு முறிந்தால் பொதுவாகத் திரும்பி வரும்.

"ஃபோக்லலோ" என்பது பேச்சை உறுதி செய்யக் கொடுக்கும் பணம். நம் ஊரில் டோக்கன் அட்வான்ஸ் என்கிறோமே, கிட்டத்தட்ட அது, ஆனால் பல் முளைத்தது. ஹங்கேரியச் சிவில் சட்டம், அதாவது 2013-ம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், 2014 மார்ச் 15 முதல் நடைமுறையில் இருப்பது, இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒப்பந்தம் உங்களால் முறிந்தால் கொடுத்த ஃபோக்லலோ போயிற்று. வாங்கியவரால் முறிந்தால் அவர் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். இருவர் மீதும் தவறில்லை என்றால் கொடுத்தது அப்படியே திரும்ப வரும்.

கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலி இந்த மூன்றையும் அடிக்கடி "டெபாசிட்" என்றே காட்டும். திருநெல்வேலிப் பையன் ஒருவன் தன் ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டுவந்தான். கையெழுத்துப் போட்ட பிறகு, வழக்கம் போல. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: "ஃபோக்லலோ", 80,000 ஃபோரிந்த். நான்கு வரி தள்ளி: "கௌத்ஸியோ", இரண்டு மாத வாடகை, சாவி வாங்கும்போது தர வேண்டியது. கைபேசியை அதன் மேல் பிடித்தான். இரண்டு இடத்திலும் திரையில் ஒரே சொல் மிதந்தது. "டெபாசிட்தானே அண்ணா, வீடு வேண்டாம்னா திருப்பிக் கொடுத்துடுவாங்கல்ல?" என்றான். பல்கலைக்கழக விடுதியில் அவனுக்கு இடம் கிடைத்துவிட்டிருந்தது. வீட்டுக்கார அம்மாளிடம் பேசிப் பார்த்தேன். கோபப்படாமல், அந்த வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினார். அவர் பக்கம்தான் நியாயம். ஒரு மாதச் சாப்பாட்டுக் காசு போனது.

இதற்கு நேர்மாறான கதைதான் எனக்கு அதிகம் எரிகிறது. ஃபோக்லலோ கொடுத்திருந்த ஒரு பெண்ணிடம், வீட்டுக்காரர் கூடுதல் வாடகைக்கு வேறு ஆள் கிடைத்ததும், கொடுத்ததை மட்டும் எண்ணித் திருப்பிக் கொடுத்தார். இவளும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். "நல்ல மனுஷன் அண்ணா, டெபாசிட்டை ஒரு ரூபாய்கூடக் குறைக்கலை." இரண்டு மடங்கு கேட்கும் உரிமை அவள் கையில் இருந்தது. ஒப்பந்தத்தில் அந்தச் சொல் தெளிவாகவே இருந்தது. நான் பார்ப்பதற்குள் ரசீதில் "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

ஆகவே: ஒப்பந்தத்தில் பணம் என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் ஹங்கேரியச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். மொழிபெயர்ப்பைப் பார்க்காதீர்கள். வீட்டுக்காரர் வாயால் ஒன்று சொல்லி, தாளில் வேறு இருந்தால், தாளைத் திருத்தச் சொல்லுங்கள். ஃபோக்லலோ என்ற நோக்கம் ஒப்பந்தத்திலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது சட்டம். சும்மா கையில் கொடுத்த பணத்தை யாரும் பிறகு ஃபோக்லலோ என்று பெயர் மாற்றிவிட முடியாது. குழப்பமாக இருந்தால் கையெழுத்துக்கு முன் யாரிடமாவது காட்டுங்கள். முன். பின் அல்ல.

அறைக் கணக்கு

"ஸொபா" என்றால் அறை. விளம்பரத்தில் "இரண்டு ஸொபா" என்றால் ஹாலும் அதில் ஒன்று. டூ பெட்ரூம் என்று நினைத்து மூன்று பேராகப் போய் நிற்காதீர்கள்.

அரை எட்டு

"ஃபேல் ந்யோல்த்ஸ்" என்றால் ஏழரை. எட்டரை அல்ல. ரயில் போயிருக்கும்.

நன்றி சொல்லும் நேரம்

"கோஸோனோம்" என்றால் நன்றி, எல்லோருக்கும் முதல் நாளே தெரிந்துவிடும். ஆனால் உணவகத்தில் 7,200 ஃபோரிந்த் பில்லுக்கு 10,000 தாளை நீட்டியபடி கோஸோனோம் என்று சொன்னால், "மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று அர்த்தமாகிவிடும். பரிமாறுகிறவர் மலர்ந்த முகத்தோடு போய்விடுவார், நீங்கள் மேசையில் காத்திருப்பீர்கள். தாளைக் கொடுக்கும்போது எவ்வளவு எடுத்துக்கொள்ளச் சொல்கிறீர்களோ அந்தத் தொகையைச் சொல்லுங்கள், டிப்ஸும் சேர்த்து. நன்றி மீதி கைக்கு வந்த பிறகு.

அந்த மீதிக்கு "விஸ்ஸாயாரோ" என்று பெயர். இதையும் "சேஞ்ச்" என்று தேடினால் தொலைந்தீர்கள்: சில்லறை "அப்ரோ", வண்டி மாறுவது "ஆத்ஸாலாஷ்", உடை மாற்றுவதற்கு வேறு ஒன்று. தமிழில் மீதியையும் சில்லறையையும் மாறுவதையும் நாம் ஒரே சொல்லால் சொல்வதில்லை.

வெயில்

"எனக்கு வெக்கையாக இருக்கிறது" என்பதற்கு "மெலெகெம் வான்". "மெலெக் வாத்யோக்" என்றால் நீங்கள் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவிக்கிறீர்கள். உண்மையானால் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் ஜன்னலைத் திறக்க அது உதவாது.

அக்கா தங்கையை ஒன்றாக்குவது

இது பணச் செலவில்லாத தவறு, ஆனால் தமிழர் செய்யக் கூடாத தவறு. "சிஸ்டர்" என்று தேடி "நோவேர்" என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். நோவேர் என்றால் அக்கா. தங்கை "ஹூக்". அண்ணன் "பாத்ய்", தம்பி "ஓச்". அச்சு அசலாக நம் நான்கு. வெள்ளைக்கார மாணவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இந்த இடத்தில் நமக்குப் படிக்க எதுவுமே இல்லை. அப்படியிருந்தும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தங்கையை நோவேர் ஆக்கிவிட்டு, கேட்பவர்கள் ஏன் முழிக்கிறார்கள் என்று நம் பிள்ளைகளும் முழிக்கிறார்கள். மருத்துவமனையில் செவிலியரையும் நோவேர் என்பார்கள். நம் ஊரில் சிஸ்டர் என்று கூப்பிடுவது போல. ஆங்கில வழி சரியாகப் போய்ச் சேரும் ஒரே இடம் அதுதான்.

"ஹேவ்" என்ற வினையைத் தேடி அலைவதும் இதே ரகம். "எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார்": நெகெம் வான் எத்ய் பாத்யாம். நெகெம் எனக்கு, வான் இருக்கிறது, எத்ய் ஒன்று, பாத்யாம் என் அண்ணன். தமிழ் மாதிரியே நடக்கிறது. "எனக்குப் பிடித்திருக்கிறது" என்பதும் "நெகெம் தெத்ஸிக்" என்று அதே "எனக்கு"வோடு வருகிறது. வீடு, சட்டை, படம் எதற்கும் சொல்லலாம். உடன் படிக்கும் பெண்ணைப் பார்த்து "தெத்ஸெல்" என்றால் மட்டும் அது வேறு பேச்சு.

"யூ" கதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் எதிர்வீட்டுப் பாட்டியை நீ என்று சொல்லக் கனவிலும் துணியாதவர்கள், எழுபது வயது வீட்டுக்கார அம்மாளிடம் "தெ" என்று பேசுகிறார்கள். தெ என்றால் நீ. நீங்கள் என்பதற்கு "ஓன்", அதற்கு வினை படர்க்கையில் வரும். "மகா" என்று இன்னொன்று உண்டு, புதியவர்கள் வாயில் அது கொஞ்சம் வெடுக்கென்று கேட்கும், தள்ளி வையுங்கள்.

படிவத்தில் "மேரிட்"

மணமான ஆணுக்கு "நோஷ்", மனைவி உள்ளவன் என்று பொருள். மணமான பெண்ணுக்கு "ஃபேர்யெஸெத்". மதுரைப் பெண் ஒருத்தி நோஷ் என்று எழுதிக் கொடுத்தாள். சாளரத்துக்குப் பின்னால் இருந்தவர் அவளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பேனாவை நீட்டினார். மணமாகாத ஆண் "நோத்லென்", பெண் "ஹயதோன்". அதே படிவத்தில் அம்மாவின் பெயர் கேட்கும் வரியில் அம்மாவின் பிறப்புப் பெயரைத்தான் எதிர்பார்க்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவின் இனிஷியல் மாறிய வீடுகளில், ஊரிலிருந்து கிளம்பும் முன்பே எந்தச் சான்றிதழில் எப்படி இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் படிவத்தில் எழுதியதையே கடைசிவரை எல்லா இடத்திலும் எழுத வேண்டியிருக்கும்.