ஓட்டு கேட்டு வரும் எம்.எல்.ஏ. வேட்பாளரிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

"மக்களுக்குச் சேவை செய்யத்தான் வந்திருக்கிறேன்" என்று சொல்லாத வேட்பாளரைத் தமிழ்நாட்டில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? அதனால் பொதுச் சேவை பற்றி உங்கள் கருத்து என்ன என்று கேட்காதீர்கள். கட்சி வித்தியாசமே இல்லாமல் ஒரே பதில்தான் வரும். எம்.எல்.ஏ. வேலை என்றால் என்ன என்று அவருக்குத் தெரியுமா, நம் ஊர்ப் பிரச்சினையில் எந்தப் பங்கு அந்த வேலைக்குள் வருகிறது என்று யோசித்திருக்கிறாரா, இந்த இரண்டையும் பிடித்துவிட்டால் அவர் கருத்து தானாக வெளியே வந்துவிடும். அதற்கு நம் பக்கம் கொஞ்சம் வீட்டுப்பாடம் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

எது அவர் வேலை, எது இல்லை

எம்.எல்.ஏ. வேட்பாளர்களிடம் நம் ஆட்கள் கேட்பதில் பெரும்பகுதி கவுன்சிலரிடமோ ஊராட்சித் தலைவரிடமோ கேட்க வேண்டியது. தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வருவதில்லை, தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டது, இதெல்லாம் உள்ளாட்சி. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி, ரயில் நிறுத்தம், பாஸ்போர்ட் அலுவலகம் என்றால் மத்திய அரசு, அதாவது எம்.பி. பக்கம். நடுவில் இருக்கும் காவல் நிலையம், அரசு மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், அரசுப் பள்ளி, ரேஷன் கடை, அரசுப் பேருந்து, மாநில நெடுஞ்சாலை, ஏரி, பட்டா, டாஸ்மாக், இவைதான் மாநில அரசின் கையில் இருப்பவை. சட்டமன்றத்தில் உட்காரப் போகிறவர் பேச வேண்டியது இவற்றைத்தான்.

எல்லாம் இவ்வளவு சுத்தமாகப் பிரியாது. வருடக்கணக்கில் பாதியில் நிற்கும் ரயில்வே மேம்பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்துக்கு மேலே வரும் பகுதியை ரயில்வே கட்டும். இரண்டு பக்கமும் ஏறி இறங்கும் சாலையை மாநில நெடுஞ்சாலைத் துறை போட வேண்டும், அதற்கு நிலம் எடுப்பதும் மாநில அரசுதான். ஆகவே "மத்திய அரசு வஞ்சிக்கிறது" என்று ஒரு வேட்பாளரும் "மாநில அரசு தூங்குகிறது" என்று இன்னொருவரும் சொன்னால், இரண்டு பேரிடமும் ஒரே கேள்வி: எந்தப் பக்க வேலை நிற்கிறது, நில எடுப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது? தெரிந்தவர் சட்டென்று சொல்வார். தெரியாதவர் எதிர்க்கட்சியைத் திட்ட ஆரம்பிப்பார்.

சரி, ஒரு எம்.எல்.ஏ.வால் உண்மையில் என்னதான் முடியும்? கேள்வி நேரத்தில் அமைச்சரிடம் கேள்வி கேட்கலாம், அவசரப் பிரச்சினையில் கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவரலாம், துறைவாரியாக மானியக் கோரிக்கை (அந்தத் துறையின் செலவுக்குச் சட்டமன்றத்திடம் பணம் கேட்பது) வரும்போது பேசலாம், அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம், சட்ட முன்வடிவில் வாக்களிக்கலாம். தொகுதி மேம்பாட்டு நிதி 2019-20 முதல் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதைக் கையில் வாங்கிச் செலவழிக்க முடியாது. அவர் பரிந்துரைப்பார், கலெக்டர் அனுமதி கொடுப்பார். ஐந்து வருடத்துக்கு 15 கோடி என்பது கேட்கப் பெரிதாக இருக்கும், ஒரு தொகுதி முழுக்கப் பிரித்துப் பார்த்தால் சில பள்ளிக் கட்டடங்கள், கொஞ்சம் சாலை, சில குடிநீர்த் தொட்டிகள், அவ்வளவுதான். "நான் ஜெயித்தால் இந்தத் தொகுதியையே மாற்றிக் காட்டுவேன்" என்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லி, மீதிப் பணம் எந்தத் துறையிலிருந்து வரும் என்று கேளுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம், சாதாரணமாகக் கேட்டாலே போதும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கட்சித்தாவல் தடைச் சட்டம் 1985-ல் வந்தது. எப்படி வாக்களிப்பது என்று கட்சிக் கொறடா போடும் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போய்விடும். தமிழ்நாட்டில் 2017-ல் 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டது வேறு காரணத்துக்காக, முதல்வருக்கு எதிராக ஆளுநரிடம் கடிதம் கொடுத்ததற்காக. ஆனாலும் அதே சட்டத்தின் கீழ்தான். எனவே "மனசாட்சிப்படி வாக்களிப்பேன்" என்று ஒருவர் சொன்னால் அது வெறும் வசனம். கட்சிக் கூட்டத்துக்குள் எதை வாதாடுவீர்கள் என்று கேட்டால் ஏதாவது கிடைக்கும்.

பிரமாணப் பத்திரத்தைப் படியுங்கள், சொத்துக் கணக்கை மட்டும் அல்ல

வேட்புமனுவோடு படிவம் 26 என்று ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தாக வேண்டும். உச்ச நீதிமன்றம் 2002-லும் 2003-லும் கொடுத்த தீர்ப்புகளால் வந்த உரிமை இது, சும்மா கிடைத்ததில்லை. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் வேட்பாளர் பெயரைத் தட்டினால் ஸ்கேன் செய்த பக்கங்கள் வரும். கையெழுத்து சில சமயம் கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுமை வேண்டும். பத்திரிகைகள் எத்தனை கோடி, எத்தனை பவுன் என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடும். நமக்கு வேண்டியது அதற்குப் பின்னால் இருக்கிறது.

வழக்குகள் பகுதியில் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். பிரிவு எண்ணைப் பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 143, 188 என்று வரிசையாக இருந்தால் பெரும்பாலும் அனுமதியில்லாமல் கூடியது, தடையை மீறி ஆர்ப்பாட்டம் செய்தது. ஊருக்காகத் தெருவில் இறங்குகிறவர்மேல் இவை இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். 420 என்றால் மோசடி, 307 என்றால் கொலை முயற்சி. 2024 ஜூலை 1 முதல் நடந்ததற்கு அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா எண்கள் வரும். அதில் 188-க்குப் பதில் 223, 420-க்குப் பதில் 318(4), 307-க்குப் பதில் 109. குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதா, நீதிமன்றம் குற்றச்சாட்டுப் பதிவு செய்துவிட்டதா என்பதும் அதே அட்டவணையில் இருக்கும்.

வழக்கு இருக்கிறவர் அதைப் பிரச்சாரக் காலத்தில் மூன்று முறை பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரப்படுத்த வேண்டும். ஏன் இவரை நிறுத்தினோம் என்று கட்சியும் தன் இணையதளத்தில் காரணம் சொல்ல வேண்டும், ‘ஜெயிக்கிற ஆள்’ என்பது மட்டும் காரணமாக இருக்கக் கூடாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் காரணத்தைத் தேடிப் படியுங்கள். "மக்கள் செல்வாக்கு மிக்கவர், சமூக சேவகர்" என்ற இரண்டு வரியை ஊர்ப் பெயர் மட்டும் மாற்றி ஒட்டியிருந்தால், அந்தக் கட்சி வேட்பாளரை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்று புரிந்துவிடும்.

அப்புறம் அரசு ஒப்பந்தங்கள் பகுதி. வேட்பாளருக்கோ, மனைவி அல்லது கணவருக்கோ, அவர்கள் பங்குதாரராக இருக்கும் நிறுவனத்துக்கோ அரசு ஒப்பந்தம் உண்டா என்று அங்கே கேட்டிருக்கும். பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் இருக்கும். ஆனால் ஊரில் சாலை போடுவது யார் கம்பெனி என்று ஊருக்கே தெரியுமே! இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே நின்றவர் என்றால் பழைய பிரமாணப் பத்திரத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியை எப்படிப் போடுவது

வேன் மேல் நிற்கிறவரிடம் கேள்வி கேட்க முடியாது. ஆரத்தித் தட்டு, சால்வை, பட்டாசு, ஒலிபெருக்கி, இரண்டு நிமிடம், வண்டி போய்விடும். காலையில் வீதி வீதியாக நடந்து வருவார்கள், அப்போது கொஞ்சம் நிற்பார்கள். குடியிருப்போர் நலச் சங்கம், வியாபாரிகள் சங்கம், மகளிர் குழு மாதிரி பத்துப் பேராக நின்றால் இன்னும் நல்லது. தனியாள் கேட்டால் தோளைத் தட்டிவிட்டுப் போவார், பத்து ஓட்டு ஒன்றாக நின்றால் காது கொடுப்பார். எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடையில் கூப்பிட நினைத்தால் தேர்தல் நடத்தும் அலுவலரிடமும் காவல் நிலையத்திலும் முன்பே அனுமதி வாங்கிவிடுங்கள், தேர்தல் நன்னடத்தை விதி அமலில் இருக்கும்.

கேள்வி போடும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "அண்ணே, மழை பெய்ஞ்சா நம்ம தெருவுல தண்ணி நிக்குது, என்ன செய்வீங்க?" என்று கேட்டால், "கண்டிப்பா பண்ணிரலாம்பா, ஜெயிச்ச மறுநாளே ஆள் அனுப்புறேன்" என்பார். முடிந்தது. அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அண்ணே, இந்தத் தண்ணி ஏரிக்குப் போற வாய்க்கால் நீர்வளத் துறையோடது. பாதி தூரம் வீடு கட்டிட்டாங்க. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லயே சட்டம் இருக்கு. நீங்க அளந்து எடுக்கச் சொல்லுவீங்களா? அந்த வீட்டுக்காரங்களை எங்க அனுப்புவீங்க?"

இப்போது அவர் மாட்டிக்கொண்டார், ஏனென்றால் வாய்க்கால் மேல் வீடு கட்டியிருப்பவர்களும் அவருக்கு ஓட்டுப் போட வேண்டியவர்கள். ஒருவர் "அதெல்லாம் பேசித் தீர்க்கலாம்" என்று நழுவுவார். ஒருவர் "எல்லாத்தையும் இடிச்சிரலாம்" என்பார். சென்னையில் இருந்த வீட்டை இடித்துவிட்டுத் தொலைவில் உள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்கள் வேலையும் பிள்ளைகள் படிப்பும் விட்டுப்போய் என்ன பாடு பட்டார்கள் என்று தெரிந்த யாரும் அப்படிச் சுலபமாகச் சொல்ல மாட்டார்கள். அபூர்வமாக ஒருவர், பக்கத்திலேயே புறம்போக்கு இடம் இருக்கிறதா, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் அங்கே கட்டுமா, முதலில் வணிகக் கட்டடங்களை எடுத்துவிட்டுக் குடிசைகளுக்கு அவகாசம் கொடுக்கலாமா என்று யோசித்துப் பேசுவார். அவர் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல்கூட இருக்கலாம். ஆனால் என்னைக் கேட்டால் வேட்பாளரின் கருத்து என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான், மற்றவை எல்லாம் மைக் டெஸ்டிங்.

பெரிய பிரச்சினைகளிலும் இதே முறைதான். நீட் தேர்வை ஒழிப்பேன் என்று ஒருவர் சொன்னால், சட்டமன்றம் ஏற்கெனவே 2017-லும் 2021-லும் மசோதா நிறைவேற்றிவிட்டது, 2022-ல் திரும்பவும் நிறைவேற்றி அனுப்பியது, குடியரசுத் தலைவர் ஒப்புதல் இல்லாமல் அது நிற்காது, இதற்கு மேல் நீங்கள் செய்யப் போவது என்ன என்று கேளுங்கள். டாஸ்மாக் என்றால் மாநில அரசே நினைத்தால் முடியும், 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள். ஆகவே அங்கே ‘மத்திய அரசு விடவில்லை’ என்ற சாக்கு கிடையாது. எந்தக் கடை, எப்போது, வருமானத்துக்கு என்ன மாற்று என்று பெயர் சொல்லிக் கேட்கலாம்.

இலவசங்களைப் பற்றி நீளமாகப் பேசப் போவதில்லை. 2006-ல் கலர் டிவி, 2011-ல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று நாம் எல்லாக் கட்சியிடமும் வாங்கியவர்கள்தான். இது தொடர்பான வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அடுத்து, வாக்குறுதிக்குப் பணம் எப்படி வரும் என்பதைக் கட்சிகள் சொல்ல வேண்டும் என்று நன்னடத்தை விதியில் சேர்த்தார்கள். அந்த ஒரு வரியை வேட்பாளரிடம் நினைவுபடுத்தினால் போதும்.

ஏற்கெனவே எம்.எல்.ஏ.வாக இருப்பவர் என்றால்

இவர்களிடம் வருங்காலத்தைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், கணக்கைக் கேளுங்கள். 2022-ல் 234 எம்.எல்.ஏ.க்களிடமும் தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகளை எழுதித் தரச் சொல்லி முதல்வர் கேட்டிருந்தார். ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ திட்டத்துக்காக, ஆளுங்கட்சி எதிர்க்கட்சி என்று எல்லாருக்கும். அப்போது பதவியில் இருந்தவர் என்றால் நம் தொகுதிக்கு எழுதிக்கொடுத்த பத்து எவை, அதில் எத்தனை நடந்தது என்று கேளுங்கள். அந்தப் பட்டியலில் எதை முதலில் வைத்தார், எதைச் சேர்க்கவே இல்லை என்பதைப் பார்த்தாலே அவருக்கு எது முக்கியம் என்று தெரிந்துவிடும்.

இதற்கு உதவியாக, ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையின்போது கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒன்றைத் தமிழிலேயே வெளியிடுகிறது. அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பிடிஎஃபில் உங்கள் ஊர்ப் பெயரைத் தேடிப் பாருங்கள். சில சமயம் எழுத்துரு சதி செய்து தேட விடாது, அப்போது மாவட்டவாரி அட்டவணையைப் பார்த்துக்கொள்ளலாம்.

தொகுதி நிதி எங்கே போனது என்று அவரிடமே கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. சென்னைக்கு வெளியே என்றால் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். "இன்ன தொகுதியில் இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் பரிந்துரைக்கப்பட்ட பணிகள், அனுமதித்த தொகை, பணி முடிந்த தேதி, ஒப்பந்ததாரர் பெயர் ஆகியவற்றின் நகல் வேண்டும்." இவ்வளவுதான் வாசகம், ‘ஏன் செய்யவில்லை’ என்றெல்லாம் கேட்காதீர்கள், அதற்குப் பதில் தர மாட்டார்கள். 30 நாள் அவகாசம் உண்டு. அதனால் தேர்தல் தேதி அறிவிக்கும்வரை காத்திருக்காமல் மூன்று நான்கு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள், பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யவும் நாள் இருக்கும்.