நின்றுபோன பழைய புல்லட்டை மார்கழியில் எழுப்புவது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் பலவற்றில், கார் செட்டின் மூலையில் ஒரு பழைய புல்லட் சாக்கு போர்த்தி நிற்பதைப் பார்க்கலாம். கார்த்திகை மழை ஓய்ந்து, பிள்ளையார் நோன்புக்கும் பொங்கலுக்கும் பிள்ளைகள் ஊர் திரும்பும்போதுதான் அதன் நினைப்பு வரும். வெயிலும் தணிந்திருக்கும், கையில் நாலு நாள் லீவும் இருக்கும். உடனே சாக்கை உருவிவிட்டுக் கிக்கரை மிதிப்பார்கள்.

அதைத்தான் செய்யக் கூடாது. முதலில் ஆயில், அடுத்து பெட்ரோல், அப்புறம் கரண்ட். இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் கிக்கர். இங்கே சொல்வது வார்ப்பிரும்பு சிலிண்டரும் வலது கால் கியரும் உள்ள 346 சிசி வண்டிக்கு. 1956 முதல் சென்னை திருவொற்றியூரில் செய்யப்பட்ட புல்லட்டின் பழைய அமைப்பு இது.

இடமும் சாமானும்

முகப்பிலோ வளவிலோ வேலையை ஆரம்பிக்காதீர்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் எண்ணெயைக் குடிக்கும். கருப்பு ஆயில் இறங்கினால் கறை போகவே போகாது. பின்கட்டு வாசலோ கார் செட்டோ போதும், காற்றோட்டம் முக்கியம். ஸ்பேனர் செட், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), உப்புத்தாள், மண்ணெண்ணெய், கழிவுத் துணி வேண்டும். சாமான் கழுவ வீட்டில் மூலை உடைந்த பழைய பீங்கான் தட்டு இருந்தால் அருமை; பிளாஸ்டிக் போல மண்ணெண்ணெயில் இளகாது. ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தப் படம்தான் துணை.

ஆயில்

இந்த இன்ஜினில் ஆயில் தங்கும் அறை இன்ஜின் உறைக்குள்ளேயே பின்பக்கம் இருக்கிறது. வண்டி மாதக்கணக்கில் நின்றால் அந்த ஆயில் பம்பு வழியாக மெல்லக் கசிந்து கிராங்க் சுற்றும் பக்கம் போய் நிறைந்துவிடும். ஆயில் அறையைப் பார்த்தால் காலியாக இருக்கும். ஆயில் இல்லையே என்று நினைத்து மேலும் ஊற்றி மிதித்தால், ஃப்ளைவீல் அத்தனை ஆயிலையும் கலக்கி அடிக்கும். காற்றுக்குழாய் வழியாக ஆயில் பீய்ச்சும், சைலன்சரில் வெள்ளைப் புகை மண்டும், சீல்கள் கெடும்.

ஆகவே இன்ஜின் அடியில் இருக்கும் வடிகால் போல்ட்டுகளை, ஆயில் அறைக்கு உள்ளதையும் கிராங்க் பக்கம் உள்ளதையும், திறந்து முழுவதும் வடியுங்கள். வடிந்த ஆயிலில் பால் கலந்தாற்போல் வெளுத்த நிறம் தெரிந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. போல்ட்டுகளை மாட்டிவிட்டு 20டபிள்யூ-50 மினரல் ஆயில் ஊற்றுங்கள். மொத்தக் கொள்ளளவு சுமார் இரண்டே கால் லிட்டர்.

அடுத்து பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விடுங்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும். பிஸ்டன் ரிங் துருப்பிடித்து ஒட்டியிருந்தால் இது இளக்கும். காலையில் டாப் கியர் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றினால் சரி. சுற்றாவிட்டால் பலம் காட்டாதீர்கள். இன்னும் ஆயில் விட்டு இன்னும் ஒரு நாள் பொறுங்கள்.

டேங்க்

நேரம் அதிகம் பிடிக்கும் வேலை இது, அவசரப்படவே கூடாது. இப்போது பங்க்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அரை டேங்க்கோடு மழையிலும் பனியிலும் நின்ற வண்டியில் தண்ணீர் அடியில் தங்கித் துரு கிளம்பும்.

பழைய பெட்ரோலை வெட்டவெளியில் வடியுங்கள். பக்கத்தில் அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் கூடாது. டேங்க்கின் அடியில் உள்ள பெட்ரோல் காக்கைக் கழற்றி ஓட்டையை ரப்பர் தக்கையால் அடையுங்கள். வடித்த டேங்க்கைச் சோப்புத் தண்ணீர் விட்டு நன்றாக அலசிய பிறகு, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை லிட்டருக்கு 60 அல்லது 70 கிராம் வீதம் வெந்நீரில் கரைத்து டேங்க் நிறைய ஊற்றுங்கள். வெளிப் பெயிண்ட்டில் சிந்தினால் உடனே கழுவுங்கள். ஒரு ராத்திரி ஊறியதும் துரு பழுப்புத் தண்ணீராக இறங்கும். கொட்டிவிட்டு, ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, நல்ல தண்ணீரிலும் அலசுங்கள். உடனே உலர்த்த வேண்டும். ஈரமாக விட்டால் ஒரு மணி நேரத்தில் புதுத் துரு படியும். மார்கழி வெயிலை நம்பாமல் தலை உலர்த்தும் டிரையரால் காற்றடியுங்கள். நன்றாக உலர்ந்ததும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு எல்லாப் பக்கமும் உருட்டி வடித்துவிடுங்கள்.

டேங்க்குக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கலாமா என்று பலரும் கேட்பார்கள். வேண்டாம் என்பேன். அப்பச்சி ஓட்டிய வண்டியின் பெயிண்ட்டும் கோடும் ஒருமுறை போனால் போனதுதான். முதலில் வண்டி ஓடட்டும்.

கார்புரேட்டரும் பிளக்கும்

பெட்ரோல் டியூப்பைப் புதிதாக மாற்றுங்கள். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்தால் காய்ந்த பெட்ரோல் பிசினாக ஒட்டியிருக்கும். ஜெட்டுகளை, அதாவது பெட்ரோல் போகும் ஓட்டை உள்ள சின்னப் பித்தளைத் திருகுகளை, கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சைக்கிள் பம்பால் ஊதுங்கள். ஊசியோ கம்பியோ விடாதீர்கள். பித்தளை மென்மையானது, ஓட்டை பெரிதானால் வண்டி பெட்ரோலைக் குடிக்கும்.

பேட்டரி சார்ஜில் இருக்க வேண்டும். பாயிண்ட் (திறந்து மூடி பிளக்குக்குப் பொறி வரவைக்கும் தொடுமுனை) இருக்கும் வண்டியில் அதன் முகத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, நன்றாகத் திறந்த நிலையில் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். பிளக் இடைவெளி 0.5 மில்லிமீட்டர். டேங்க்கைத் தூரத்தில் வைத்துவிட்டு, பிளக்கை வயரில் மாட்டி இன்ஜின் தகட்டில் சாய்த்து மிதித்துப் பாருங்கள். நீலப் பொறி வந்தால் நல்லது. மஞ்சளாகச் சோர்ந்து வந்தால் பிளக்கையும், பாயிண்ட்டோடு சேர்ந்த கண்டன்சரையும் மாற்றுங்கள்.

இப்போது கிக்கர்

வண்டியை வெளியே தள்ளுங்கள். மூடிய செட்டில் ஓட்டினால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். டேங்க்கை மாட்டி ஒரு லிட்டர் புதுப் பெட்ரோல் போதும். கிளட்சைப் பிடித்தபடி இரண்டு மூன்று தடவை மிதியுங்கள், ஒட்டிய தகடுகள் பிரியும். சோக் போட்டு, சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். ஆம்பியர் மீட்டர் முள் ஒரு பக்கம் சாயும். கால் கெட்டியாக நிற்கும் இடத்தில் நடுவுக்கு வரும். அங்கே சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிடுங்கள். லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து, முழு உடம்பின் எடையையும் போட்டு ஒரே மிதி. அரைகுறையாக மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போய்விடும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

ஓடத் தொடங்கியதும் இன்ஜின் தலையில் உள்ள ராக்கர் மூடியைத் திறந்து ஆயில் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் உடனே அணைத்து, பம்பைத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ரோட்டுக்கு எடுக்கும் முன் பிரேக் ஷூ, கேபிள், டயர் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கமும் தயாரித்த வாரம், அடுத்த இரண்டும் தயாரித்த வருடம். வெடிப்பு விட்ட டயரில் கானாடுகாத்தான் வரைகூடப் போகாதீர்கள். ஆர்.சி.யின் 15 வருடம் முடிந்திருந்தால் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஐந்து வருடத்துக்குத் தருவார்கள். இன்சூரன்சும் எடுத்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும், இன்ஜின் சூடாக இருக்கும்போதே அந்த ஆயிலை வடித்துப் புது ஆயில் மாற்றுங்கள். உள்ளே கிளம்பிய துருவும் கசடும் அதோடு வந்துவிடும்.