இயேசுவின் நாமங்களைப் படிக்கும்போது நாம் வழுக்கி விழும் இடங்கள்

போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டு வேதபாடத்துக்கு வருகிற அக்கா ஒருவர் ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. இயேசுவின் நாமங்கள், நம்பர் போட்டு, வசனத்தோடு, 112 வரைக்கும் வந்திருந்தது. அல்பா, ஓமெகா, மூலைக்கல், விடிவெள்ளி, யேகோவாயீரே, நசரேயன், ஒன்றும் பாக்கியில்லை. "இதில் ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசுங்களேன்" என்றேன். நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் அவர் நாமம்தானே தம்பி, பேச என்ன இருக்கிறது" என்று சிரித்தார்.

அவரைக் குறை சொல்ல நான் யார், என்னிடமும் அப்படி ஒரு நோட்டு இருந்தது. ரங்கூனில் தமிழ்ச் சபைகளில் வளர்ந்த பலரிடம் இருக்கும். நாமங்களைச் சேர்ப்பதே படிப்பு என்று நினைத்துவிடுகிறோம். தபால்தலை சேர்க்கிற மாதிரி அது. யார் வாயிலிருந்து, யாரைப் பார்த்து, எந்த நேரத்தில் அந்தப் பெயர் வந்தது என்பதை வெட்டிவிட்டு ஒட்டினால் ஒட்டினதில் அர்த்தம் மிஞ்சாது. இந்த ஒரு தப்பிலிருந்துதான் மற்ற தப்பெல்லாம் கிளைக்கிறது என்பது என் எண்ணம்.

நசரேயன் என்ற சொல்லில் நானே பல வருஷம் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சபையில் நாம் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பில் சிம்சோனைப் பற்றி நியாயாதிபதிகள் 13:5 "நசரேயனாயிருப்பான்" என்கிறது. மத்தேயு 2:23 இயேசுவைப் பற்றி "நசரேயன் என்னப்படுவார்" என்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒன்று. நானும் இரண்டையும் முடிச்சுப் போட்டு, இயேசு சிம்சோனைப் போல விரதம் காத்தவர், அதனால்தான் படங்களில் நீளமான முடி என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் காது சூடாகிறது. சிம்சோன் விஷயத்தில் வருவது எபிரெயுவில் நாசீர், பிரித்து வைக்கப்பட்டவன் என்று பொருள். அதற்கான சட்டம் எண்ணாகமம் 6-ல் இருக்கிறது: திராட்சரசம் தொடக்கூடாது, தலையில் சவரகன் கத்தி படக்கூடாது, பிணத்தின் கிட்டே போகக்கூடாது. இயேசுவோ யவீருவின் வீட்டில் செத்துக்கிடந்த பெண்ணின் கையையே பிடித்தார், அவரை மதுபானப்பிரியன் என்று ஊரே ஏசியது (மத்தேயு 11:19). விரதக்காரனை யாரும் அப்படி ஏச மாட்டார்கள். மத்தேயுவில் வருவது ஊர்ப் பெயர், நாசரேத்து ஊர்க்காரர் என்பதுதான் அது. 119-ம் சங்கீதத்தில் எபிரெய எழுத்துகள் தலைப்பாக வருமே, அந்த வரிசையில் இருக்கும் இரண்டு வேறு எழுத்துகள், நாசீரின் நடுவில் ஒன்றும் நாசரேத்தின் நடுவில் இன்னொன்றுமாக உட்கார்ந்திருக்கின்றன. தமிழில் இரண்டுக்கும் நம்மிடம் ஒரே 'ச' தான் இருக்கிறது, அதில் மாட்டிக்கொண்டோம்.

அப்படியானால் "தீர்க்கதரிசிகளால் உரைக்கப்பட்டது" என்று மத்தேயு எதைச் சொல்கிறார்? அந்த வார்த்தைகளில் பழைய ஏற்பாட்டில் ஒரு வசனமும் கிடையாது. ஏசாயா 11:1-ல் ஈசாயின் வேரிலிருந்து எழும்பும் கிளைக்கு எபிரெயுவில் நேட்சர் என்று இருக்கிறது, நாசரேத் என்ற பெயரோடு அது ஒலியில் ஒட்டும், அதைத்தான் மத்தேயு தொடுகிறார் என்று பலர் சொல்வார்கள். எனக்கும் அது சரியாகப் படுகிறது. ஆனால் உடனே ஓடிப்போய் எரேமியா 23:5-ல் வரும் "நீதியுள்ள கிளை"யையும் இதோடு கட்டிவிடாதீர்கள். அங்கே எபிரெயுவில் வேறு சொல், தமிழில் மட்டும்தான் இரண்டும் கிளை.

ஒரே தமிழ்ச் சொல்லுக்குப் பின்னால் இரண்டு சொற்கள் ஒளிந்திருப்பது ஒரு வகை. இதற்கு நேர் எதிரான வகையும் உண்டு, மூலத்தில் ஒரே சொல், தமிழில் இரண்டாகப் பிரிந்து போயிருக்கும். மனுஷகுமாரன் அப்படிப்பட்டது. ஒத்தவாக்கிய அகராதியில் மனுஷகுமாரன் என்று தேடினால் சங்கீதம் 8:4 வரும், தானியேல் 7:13 வரும், சுவிசேஷங்கள் வரும். எசேக்கியேல் வராது. ஏனென்றால் எசேக்கியேலைக் கர்த்தர் கூப்பிடும் இடத்திலெல்லாம் பழைய மொழிபெயர்ப்பு மனுபுத்திரன் என்று போட்டிருக்கிறது. எபிரெயுவில் சங்கீதம் எட்டில் இருக்கும் அதே சொற்சேர்க்கைதான், தொண்ணூறு தடவைக்கு மேல்.

இங்கே பர்மாவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை நாம் பயன்படுத்துவதே இல்லை. 1813-ல் ரங்கூனில் வந்திறங்கிய அதோனிராம் ஜட்சன் 1834-ல் முழு வேதாகமத்தையும் பர்மிய மொழியில் முடித்தார், பிறகு திருத்தி 1840-ல் வெளியிட்டார். அந்தப் பர்மிய வேதத்தில் எசேக்கியேலும் லூதாதான், சுவிசேஷங்களில் மனுஷகுமாரனும் லூதாதான். லூ என்றால் மனிதன், தா என்றால் மகன், சாதாரணப் பேச்சில் லூதா என்றால் மனுஷப்பிறவி, அவ்வளவே. எபிரெயுவிலும் அந்தச் சொல் அதே மாதிரி சாதாரணமானது. எங்கள் வேதபாடத்தில் பர்மியப் பள்ளியில் படித்த பிள்ளைகள், தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்கள், இதைச் சட்டென்று பிடித்துவிட்டார்கள். பெரியவர்கள் நாங்கள்தான் முழித்தோம்.

ஆனால் அதோடு நின்றாலும் தப்பு. மனுஷகுமாரன் என்றால் அவருடைய மனிதத்தன்மை, தேவகுமாரன் என்றால் அவருடைய தெய்வத்தன்மை என்று ஞாயிறு பள்ளியிலேயே ஒரு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அழகான வாய்ப்பாடு, உள்ளே போனால் நிற்காது. தானியேல் 7-ல் மனுஷகுமாரனுடைய சாயலானவர் மேகங்களோடு வருகிறார், அவருக்கு அழியாத ராஜ்யம் கொடுக்கப்படுகிறது, சகல ஜனங்களும் அவரைச் சேவிக்கிறார்கள். மாற்கு 14:62-ல் பிரதான ஆசாரியன் முன்னால் இயேசு அந்த மேகங்களையே இழுத்துப் பேசுகிறார், உடனே அவன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்கிறான். நான் ஒரு மனிதன் என்று சொன்னதற்கு யாராவது சட்டையைக் கிழிப்பார்களா? இந்தப் பக்கம், தேவனுடைய குமாரன் என்பது லூக்கா 3:38-ல் ஆதாமுக்கும் வருகிறது, யாத்திராகமம் 4:22-ல் இஸ்ரவேலே "என் சேஷ்டபுத்திரன்", 2 சாமுவேல் 7:14-ல் தாவீதின் மகனாகிய ராஜா. இதையெல்லாம் வாசித்ததும் இயேசுவின் தெய்வத்தன்மையை நான் மறுக்கிறேன் என்று ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார், இல்லை ஐயா, யோவானின் முதல் அதிகாரம் இருக்கிறது, அது வேறு கதவு. இந்த ஒரு கதவில் எல்லாச் சாமானையும் நுழைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

கிறிஸ்து என்பது குடும்பப் பெயர் என்று நினைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது பட்டம், அபிஷேகம்பண்ணப்பட்டவர், எபிரெயுவில் மேசியா. பர்மாக்காரர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அதனால் நமக்கு இந்தத் தப்பு வராது என்று நினைத்தால், வேறு வழியாக வருகிறது: பட்டம் பெயரோடு ஒட்டிப்போய் காதில் விழாமலே போய்விடுகிறது. ரங்கூனில் போஜோக் ஆங் சான் மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்கிறவர் போஜோக் என்றால் தளபதி என்ற அர்த்தத்தை நினைத்தா சொல்கிறார்? ஊ தாண்ட் ஐக்கிய நாடுகள் சபைக்குப் பொதுச்செயலாளராக இருந்தபோது வெளியூர்க்காரர்கள் ஊ என்பதும் பெயர் என்றே நினைத்தார்கள், நம்முடைய திரு மாதிரி மரியாதைச் சொல் அது. ரோமர் நிருபத்தை வாசிக்கும்போது கிறிஸ்து என்று வருமிடமெல்லாம் 'அபிஷேகம் பெற்ற ராஜா' என்று மாற்றி ஒரு தடவை சத்தமாக வாசித்துப் பாருங்கள், வேறு நிருபம் போல இருக்கும். அப்புறம், ஏசாயா 45:1-ல் கோரேசும் அபிஷேகம் பெற்றவன்தான், பாரசீக ராஜா! பட்டம் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்று என்று ஆகாது. விடிவெள்ளி வெளிப்படுத்தலில் இயேசு, ஏசாயா 14:12-ல் விழுந்துபோன பாபிலோன் ராஜா. யூதா கோத்திரத்துச் சிங்கம் ஒரு பக்கம், கெர்ச்சிக்கிற சிங்கம் போலச் சுற்றித்திரிகிற பிசாசு இன்னொரு பக்கம்.

இயேசு என்ற பெயரும் அப்படியே. யோசுவா என்ற எபிரெயப் பெயர் கிரேக்கம் வழியாக வந்தது, கர்த்தர் இரட்சிக்கிறார் என்று பொருள், மத்தேயு 1:21 அதை வைத்துத்தான் பேசுகிறது. அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருந்த பெயர். கொலோசெயர் 4:11-ல் யுஸ்து என்னப்பட்ட ஒரு இயேசு வாழ்த்துச் சொல்கிறார், பர்யேசு, அதாவது இயேசுவின் மகன், என்ற மந்திரவாதி அப்போஸ்தலர் 13-ல் வருகிறான்.

கர்த்தர், ஆண்டவர் விஷயத்துக்கு வருவோம், இங்கேதான் பிரசங்கங்களில் அதிகம் வழுக்குகிறது. கர்த்தர் என்றால் கர்த்தா, செய்கிறவர், ஆகவே அவர் உனக்குச் செய்வார் என்று எத்தனை தடவை கேட்டிருப்போம். கர்த்தர் என்பது சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொல், எபிரெயுவில் தேவனுடைய பெயரான யேகோவா நிற்கும் இடத்தில் மொழிபெயர்த்தவர்கள் அதை வைத்தார்கள். அதன் வேரை நோண்டினால் மொழிபெயர்த்தவர்களின் தேர்வு தெரியும், எபிரெயு தெரியாது. பர்மிய வேதத்தில் அதே இடத்தில் தாவர பயா, நித்திய தேவன் என்று இருக்கிறது. அது பாலிச் சொல், அசையாமல் நிலைத்திருப்பது என்று அர்த்தம், நம் தாவரத்துக்கும் அதே வேர்தான். வேரைப் பிடித்துப் பிரசங்கம் செய்கிறவர் இங்கே செடிகொடியைப் பற்றித்தான் பேச வேண்டிவரும்.

சங்கீதம் 110:1-ல் "கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி" என்று தமிழ் இரண்டையும் நன்றாகவே பிரித்துக் காட்டுகிறது. புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், கூரியோஸ். தோட்டக்காரர் என்று நினைத்து மரியாள் "ஐயா" என்று கூப்பிட்டதும் (யோவான் 20:15) அதே சொல், தோமா "என் ஆண்டவரே, என் தேவனே" என்றதும் அதே சொல். அப்போஸ்தலர் 25:26-ல் தேசாதிபதி பெஸ்து ரோம ராயனைக் குறித்துச் சொல்வதும் அதுதான். ஆகவே ஆண்டவரே என்று ஒருவர் கூப்பிட்ட உடனே அவர் விசுவாசி என்று முடிவு கட்டாதீர்கள், ஐயா என்பதிலிருந்து ஆராதனை வரைக்கும் அந்தச் சொல் நீளும். பர்மிய வேதம் இங்கே தக்கின் என்கிறது, எஜமான். வெள்ளைக்காரத் துரைகளை இந்த நாட்டு ஜனங்கள் கூப்பிட வேண்டியிருந்த சொல் அது. 1930-களில் வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்த தோபமா இயக்கத்து இளைஞர்கள் அதைப் பிடுங்கித் தங்கள் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார்கள், தக்கின் ஆங் சான், தக்கின் நூ. இந்த நாட்டுக்கு எஜமான் நீ இல்லை என்று சொல்லாமல் சொன்னது அந்த ஒரு சொல். ராயனுடைய ஊரில் உட்கார்ந்து இயேசுவை ஆண்டவர் என்று அறிக்கையிடுவது எப்படி ஒலித்திருக்கும் என்று எனக்குப் புரிய வைத்தது எங்கள் தாத்தா சொன்ன அந்தத் தக்கின் கதைதான்.

நோட்டில் அடிக்கடி பார்க்கிற இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். யேகோவாயீரே, ஈசாக்கைப் பலியிடப் போன மலையில் ஆபிரகாம் அந்த இடத்துக்கு வைத்த பெயர் (ஆதியாகமம் 22:14), யேகோவாநிசி மோசே ஒரு பலிபீடத்துக்கு வைத்த பெயர். இயேசுவின் நாமப் பட்டியலில் அதைச் சேர்ப்பதற்கு முன் அந்த மலையில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அப்புறம் ஏசாயா 9:6-ல் "நித்திய பிதா" என்று இருப்பதை வைத்துக் குமாரனையே பிதா ஆக்கிவிடாதீர்கள். ஆளுகிறவரை ஜனங்களுக்குத் தகப்பன் என்பது அந்தக் காலத்து வழக்கு, அதே ஏசாயா 22:21-ல் அரமனை விசாரிப்புக்காரன் எலியாக்கீம் எருசலேமின் குடிகளுக்குத் தகப்பனாயிருப்பான் என்று வருகிறது.

அந்த அக்காவின் நோட்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 112-ஐயும் அப்படியே விட்டுவிட்டு, கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பி எழுதச் சொன்னேன்: ஒரு நாமம், பக்கத்தில் யார் சொன்னது, யாரிடம், எப்போது. ஒரே ஒரு நாமத்தை எடுத்தார், யூதருடைய ராஜா. மூன்று வாரம் ஆளைக் காணோம், வெள்ளம் வேறு. நாலாவது வாரம் வந்தார், கரண்ட் போய்விட்டது, போன் வெளிச்சத்தில் நோட்டைப் பிரித்தார். சாஸ்திரிகள், பிலாத்து, போர்ச்சேவகர், சிலுவைமேல் இருந்த பலகை. "தம்பி, இப்படிச் சொன்னவர்கள் எல்லாம் வெளி ஆட்கள். நம்ம சீஷன் நாத்தான்வேல் சொல்லும்போது இஸ்ரவேலின் ராஜா என்கிறான், சிலுவைக்குக் கீழே நின்று கேலி பண்ணின ஆசாரியர்களும் இஸ்ரவேலுக்கு ராஜா என்றுதான் சொல்கிறார்கள், ஏன் தம்பி?" என்றார். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பர்மிய வேதத்தை மடியில் வைத்திருந்த அவர் மகள் இன்னொரு வசனத்தைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.