கலர் காப்பியரில் கறுப்பு மட்டும் வெளிறினால்

மன்னார்குடியில் எங்கள் அலுவலக கலர் காப்பியரில் ஐப்பசி மழையோடு கறுப்பு எழுத்து சாம்பலாகிவிட்டது. டோனரோ (மைத்தூள்) பாதிக்கு மேல் இருப்பதாகக் காட்டியது.

புது டோனர் வாங்கும் முன் மற்ற மூன்று நிறங்களைப் பாருங்கள். அவை பளிச்சென்று வந்தால் டிரான்ஸ்ஃபர் பெல்ட்டில் (நிறங்களைத் தாளுக்குக் கொண்டுபோகும் பட்டை) கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு; அது நாலுக்கும் பொது. கறுப்பின் டிரம் (படம் உருவாகும் உருளை), டெவலப்பர் (டிரம்மில் டோனரை ஏற்றும் பகுதி), டோனர் வரும் வழி, லேசர் கண்ணாடி (லேசர் ஒளி வெளிவரும் கண்ணாடி) ஆகியவற்றில்தான் தேட வேண்டும். ஜெராக்ஸ் மட்டும் மங்கி, கணினி பிரிண்ட் நன்றாக வந்தால் டென்சிட்டி (அடர்த்தி) செட்டிங்கைப் பாருங்கள். டோனர் சேமிப்பு முறையை அணைத்துவிடுங்கள்.

அடுத்தது முக்கியமான சோதனை. முழுக் கறுப்புப் பக்கம் ஒன்று கொடுத்து, தாள் பாதி வழியில் இருக்கும்போது முன்கதவைத் திறந்தால் மெஷின் நின்றுவிடும். பெல்ட்டில் கறுப்பு அடர்த்தியாகவும் தாளில் மங்கலாகவும் இருந்தால் குற்றம் ஈரத் தாளிலோ, பெல்ட்டிலிருந்து தாளுக்கு டோனரை மாற்றும் டிரான்ஸ்ஃபர் ரோலரிலோ. பெல்ட்டிலேயே மங்கல் என்றால் அதற்கு முந்தைய கட்டத்தில். எங்களுக்கு இரண்டாவது.

டோனர் குப்பியைக் கழற்றிப் பக்கவாட்டில் ஐந்தாறு முறை ஆட்டினேன். உள்ளே கட்டி தட்டியிருந்தது. லேசர் கண்ணாடியைக் குச்சித் துடைப்பானால் மூன்று முறை துடைத்தேன். பிறகு கேலிபரேஷன் (மெஷினே நிற அளவைச் சரிசெய்துகொள்ளும் வேலை). கறுப்பு திரும்பியது.

டிரம்மை விரலால் தொடாதீர்கள், வெளிச்சத்தில் வைக்காதீர்கள். கண்ட டோனர் தூளைக் கலந்தால் மின்னூட்டம் மாறி மறுபடி வெளிறும். டெல்டாவின் மழைக்காலத்தில், பிரித்த காகிதக் கட்டை ட்ரேயில் இரவெல்லாம் விடாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வையுங்கள்.