மெடிக்கல் சயின்ஸும் வேணும், லாவும் வேணும்னா: கடலூர், பாண்டி பசங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

ப்ளஸ் டூல பயாலஜி குரூப் எடுத்து, நீட் கோச்சிங்கும் போயிட்டு, ஆனா மனசு பூரா கோர்ட்டு மேலயே இருக்கிற பசங்க நம்ம பக்கம் நெறைய பேர் இருக்காங்க. வீட்ல கேட்டா "ஒண்ண உருப்படியா படி"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிடுவாங்க. ரெண்டும் படிக்க முடியும். ஆனா வெளிநாட்டுல இருக்கிற மாதிரி ஒரே அட்மிஷன், ரெண்டு டிகிரின்னு இங்க கிடைக்காது, ஒண்ண முடிச்சு அடுத்ததுன்னு தான் போகணும், அந்த வரிசைய சரியா போட்டுட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

ஸ்டெப் 1: கடைசில என்ன வேலைன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க

எல்லாரும் இத கடைசில தான் யோசிக்கிறாங்க. "காலைல டாக்டரா கிளினிக், மத்தியானம் வக்கீலா கோர்ட்டு"ன்னு சினிமா மாதிரி கனவு இருந்தா இப்பவே இறக்கி வச்சிடுங்க. டாக்டர் ஹனிராஜ் சுலானின்னு ஒரு சர்ஜன், பிராக்டிஸ்ல இருந்துக்கிட்டே எல்எல்பி முடிச்சு, வக்கீலா என்ரோல் பண்ணச் சொல்லி மகாராஷ்டிரா கோவா பார் கவுன்சில்ல (வக்கீல்கள பதிவு பண்ற அமைப்பு) கேட்டாரு, வேற தொழில் பண்றவங்களுக்கு கிடையாதுன்னு அவங்க விதில இருந்துச்சு, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1996ல அந்த விதி செல்லும்னே தீர்ப்பு வந்துடுச்சு. வக்கீல் தொழில் முழு நேரமும் கேக்கிற தொழில், ரெண்டு குதிரைல சவாரி பண்ண முடியாதுங்கிற மாதிரி தான் கோர்ட்டோட பார்வை. அதே மாதிரி முழு நேர சம்பள வேலைல இருக்கிறவங்களும் வக்கீலா பிராக்டிஸ் பண்ண முடியாது, பார் கவுன்சில் விதி 49 அதத்தான் சொல்லுது.

அதனால டிகிரி ரெண்டு வச்சுக்கலாம், போர்டு ஒண்ணுதான் மாட்டலாம். டாக்டராவே இருந்துட்டு சட்டம் தெரிஞ்சா போதும்னா மூணு வருஷம் எல்எல்பி எதுக்கு, பெங்களூரு நேஷனல் லா ஸ்கூல் தபால் வழில மெடிக்கல் லா அண்ட் எதிக்ஸ் பிஜி டிப்ளமோ நடத்துறாங்க, அது போதும். பொணம், காயம், விஷம்னு பிடிக்குதுன்னா எம்பிபிஎஸ் முடிச்சு ஃபாரன்சிக் மெடிசின்ல எம்டி பண்ணுங்க, கோர்ட்டு கூண்டுல ஏறி சாட்சி சொல்ற வேலையே அது. வக்கீலா நின்னு கேஸ் நடத்தணும்னா மட்டும் மேல படிங்க.

ஸ்டெப் 2: வெளிநாட்டுப் படிப்பு ஏஜென்ட் சொல்ற "டபுள் டிகிரி" என்னன்னு தெரிஞ்சுக்கோங்க

ஆஸ்திரேலியால பேச்சலர் ஆஃப் மெடிக்கல் சயின்ஸும் பேச்சலர் ஆஃப் லாஸும் சேத்து ஒரே கோர்ஸா நிஜமாவே இருக்கு. தனித்தனியா படிச்சா மூணும் நாலும் ஏழு வருஷம், சேத்து படிச்சா சில பாடம் ரெண்டுக்கும் பொதுவா கழிஞ்சு 5 இல்ல அஞ்சரை வருஷத்துல முடியும். ஒரு செமஸ்டர்லயே உடற்கூறியலும் ஒப்பந்தச் சட்டமும் பக்கத்துல பக்கத்துல வரும்.

ஆனா ஒண்ண கல்வெட்டு மாதிரி மனசுல வச்சுக்கோங்க, மெடிக்கல் சயின்ஸ் டிகிரி முடிச்சா டாக்டர் ஆக முடியாது. அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி, பார்மகாலஜி எல்லாம் இருக்கும், நோயாளிய பார்க்கிற உரிமை இருக்காது. "மெடிக்கல்"னு பேர்ல இருக்கிறதுனால அப்பா நிலத்த வித்து அனுப்பிடப் போறாரு, அதான் சொல்றேன். சட்டப் பக்கம் அங்க ப்ரீஸ்ட்லி லெவன்னு 11 கட்டாயப் பாடம் உண்டு, அது முடிச்சு அப்புறம் தொழில் பயிற்சியும் முடிச்சா தான் அங்க வக்கீல். திரும்பி வந்து நம்ம ஊர் கோர்ட்ல நிக்கணும்னா அந்த யுனிவர்சிட்டி டிகிரிய இந்திய பார் கவுன்சில் ஏத்துக்கணும், அது போக அவங்க வைக்கிற தகுதித் தேர்வும் எழுதணும்.

ஸ்டெப் 3: ஒரே நேரத்துல ரெண்டுலயும் சேராதீங்க

2022ல யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) "ரெண்டு டிகிரி ஒரே நேரத்துல படிக்கலாம்"னு சொன்னதும் வாட்ஸ்அப்ல பறந்துச்சு. அதுலயே அந்தந்த கவுன்சில் விதிக்கு உட்பட்டுன்னு ஒரு வரி இருக்கு, அத யாரும் ஃபார்வர்டு பண்ணல. பார் கவுன்சிலோட 2008 சட்டக் கல்வி விதிப்படி எல்எல்பி படிக்கும்போது இன்னொரு ரெகுலர் டிகிரில இருக்கக் கூடாது, மொழி, கம்ப்யூட்டர் மாதிரி பகுதி நேர சர்டிபிகேட் கோர்ஸ்க்கும், யுனிவர்சிட்டி தபால் வழி கோர்ஸ்க்கும் மட்டும் விலக்கு. பகல்ல பிஎஸ்சி, சாயங்காலம் லான்னு யாராவது சீட் வாங்கித் தரேன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

ஸ்டெப் 4: மொத டிகிரி

எம்பிபிஎஸ்னா நாலரை வருஷம் பிளஸ் ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், அதுக்கு மேல எல்எல்பி 3 வருஷம், மொத்தம் எட்டரை. கோரிமேட்டுல ஜிப்மர், கதிர்காமத்துல இந்திரா காந்தி மெடிக்கல் காலேஜ், கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு (பேர் தான் கடலூர், இருக்கிறது சிதம்பரத்துல). நீட் மார்க் எட்டலன்னா உலகம் முடிஞ்சு போகல, ஜிப்மர்லயே நர்சிங், எம்எல்டி (லேப் டெக்னீஷியன் படிப்பு) மாதிரி பிஎஸ்சி கோர்ஸ் இருக்கு. வக்கீல் தொழிலுக்கு எம்பிபிஎஸ்ஸே வேணும்னு எந்த சட்டமும் சொல்லல, கேஸ் ஷீட்ட பார்த்து புரிஞ்சுக்கிற அறிவு தான் வேணும், என் பார்வைல வார்டுல நின்ன நர்சும் லேப்ல நின்ன டெக்னீஷியனும் இந்த விஷயத்துல யாருக்கும் சளைச்சவங்க இல்ல.

அஞ்சே வருஷத்துல முடிக்கணும்னா பிஎஸ்சி எல்எல்பின்னு ஒருங்கிணைந்த கோர்ஸ் இருக்கு, காந்திநகர்ல இருக்கிற தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் நடத்துறாங்க. அது தடயவியல் பக்கம் சாய்ஞ்சது, மருத்துவம் கம்மி.

ஸ்டெப் 5: லா சீட்

மூணு வருஷ எல்எல்பிக்கு டிகிரில பொதுப் பிரிவு 45 சதவீதம், ஓபிசி 42, எஸ்சி எஸ்டி 40, இது பார் கவுன்சிலோட குறைந்தபட்சம். தமிழ்நாட்டுல அரசு சட்டக் கல்லூரிக்கு டிகிரி மார்க் வச்சு தான் ரேங்க், சென்னைல இருக்கிற டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் அறிவிப்பு விடுவாங்க. கடலூர் பசங்களுக்கு பக்கத்துல விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரி. பாண்டிக்காரங்களுக்கு காலாப்பட்டுல அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி. கடலூர்ல இருந்து பாண்டி பஸ் ஏறினா கொஞ்ச நேரம் தான், ஆனா முள்ளோடை செக்போஸ்ட் தாண்டினா நீங்க வெளி மாநிலம், உள்ளூர் கோட்டாவுக்கு புதுச்சேரி இருப்பிடச் சான்று கேப்பாங்க. சித்தி வீட்டு அட்ரஸ்ல ஆதார் மாத்துற ஐடியா எல்லாம் வேணாம், படிக்கப் போறது சட்டம்.

அட்டெண்டன்ஸ் 70 சதவீதம் கட்டாயம். தபால் வழி எல்எல்பி வச்சு வக்கீல் ஆக முடியாது. நைட் டூட்டி பார்த்துட்டு காலைல கிளாஸ் வரலாம்னு நர்சிங் முடிச்சவங்க கணக்கு போடுவாங்க, முடியும், ஆனா மொத வருஷமாவது கைல கொஞ்சம் காசு சேத்து வச்சுட்டு வாங்க.

ஸ்டெப் 6: ஒரே பேப்பர ரெண்டு தடவ படிங்க

நிஜமான டபுள் டிகிரி இங்க தான் இருக்கு, மத்ததெல்லாம் ஃபார்ம் ஃபில் பண்ற வேலை. ஏஆர் காப்பில இருந்து ஆரம்பிங்க. அடிதடியோ ஆக்சிடென்ட்டோ, கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு வந்த உடனே கேஷுவாலிட்டி டாக்டர் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்ல ஒரு என்ட்ரி போடுவாரு. எத்தன மணிக்கு வந்தாரு, கூட்டிட்டு வந்தது யாரு, என்ன நடந்ததுன்னு சொன்னாரு, எங்க எத்தன சென்டிமீட்டர் காயம். மொத தடவ மெடிக்கல் கண்ணோட படிங்க: இடது முன்னங்கைல வீக்கம், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிருக்கு, அபிப்பிராயம் நிறுத்தி வச்சிருக்கு, அதாவது எவ்வளவு பெரிய காயம்னு டாக்டர் இன்னும் சொல்லல. எலும்பு முறிஞ்சிருக்கா இல்லையான்னு தான் உங்க மண்டைல ஓடும்.

இப்ப சட்டக் கண்ணோட திரும்பப் படிங்க. "தெரிந்த 3 நபர்கள் கட்டையால் தாக்கியதாக"ன்னு எழுதிருக்கு. எஃப்ஐஆர்ல அஞ்சு பேர், அருவா. போச்சு, குறுக்கு விசாரணைல எதிர்த்தரப்பு வக்கீல் மொதல்ல எடுக்கிறதே இந்த வரிய தான். வலில துடிச்சவரு சொன்னத அவசரத்துல எழுதின டாக்டர், ரெண்டு வருஷம் கழிச்சு கூண்டுல நின்னு அதுக்கு பதில் சொல்லணும். அப்புறம் எக்ஸ்ரே ரிப்போர்ட்ல முறிவுன்னு வந்தா பாரதிய நியாய சன்ஹிதா (ஐபிசிக்கு பதிலா வந்த புது தண்டனைச் சட்டம்) 116ம் பிரிவுப்படி அது கொடுங்காயம், தண்டனையே மாறிடும். பழைய ஐபிசில கடுமையான வலியோ, அன்றாட வேலை பார்க்க முடியாத நிலையோ 20 நாள் இருந்தா கொடுங்காயம்னு இருந்தத புதுசுல 15 நாளா கொறச்சிட்டாங்க, அதனால டிஸ்சார்ஜ் சம்மரில இருக்கிற தேதிய சும்மா தாண்டிப் போகாதீங்க.

அடுத்து கன்சென்ட் ஃபார்ம், ஆபரேஷனுக்கு முன்னாடி கையெழுத்து வாங்குற சம்மதப் படிவம். இதுக்கு 2008ல வந்த சமீரா கோலி தீர்ப்ப முழுசா படிங்க, சுருக்கம் படிச்சா பிரயோஜனம் இல்ல. 44 வயசு பெண்மணி, மாதவிடாய் ரத்தப்போக்கு நிக்கலன்னு போறாங்க, லேப்ராஸ்கோப்பி (சின்ன ஓட்டை வழியா வயித்துக்குள்ள கேமரா விடுறது) பண்ணி பார்க்கிறதுக்கு கையெழுத்து போடுறாங்க. மயக்கத்துல இருக்கும்போது வெளிய உக்காந்திருந்த அவங்க அம்மாகிட்ட சம்மதம் வாங்கி கர்ப்பப்பையும் ரெண்டு ஓவரியும் எடுத்துடறாங்க. மெடிக்கலா பார்த்தா அந்த நோய்க்கு அந்த ஆபரேஷன் ஒரு வழிதான்னு தோணும். கோர்ட்டு கேட்டது வேற: உயிருக்கு உடனடி ஆபத்து இல்ல, அவங்க சுயபுத்தி உள்ள வயசு வந்தவங்க, மயக்கம் தெளியற வரைக்கும் காத்திருந்தா அவங்களே சொல்லிருப்பாங்களே, அம்மா எப்படி கையெழுத்து போடலாம்? பரிசோதனைக்கு கொடுத்த சம்மதம் சிகிச்சைக்கு ஆகாதுன்னு முடிச்சு, ஃபீஸும் வாங்கக் கூடாது, 25,000 ரூபா இழப்பீடும் குடுன்னாங்க. தொகை கம்மி, ஆனா இன்னிக்கு ஆஸ்பத்திரில நீட்டுற கன்சென்ட் ஃபார்ம் நீளமாகிட்டே போறதுக்கு இந்த மாதிரி தீர்ப்பும் ஒரு காரணம்.

இதோட இன்னும் மூணு படிச்சுடுங்க. காசு வாங்கிப் பண்ற வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு சொன்ன 1995 ஐஎம்ஏ எதிர் சாந்தா, கிரிமினல் கேஸ் போட சாதாரண கவனக்குறைவு போதாது, மோசமான அலட்சியமா இருக்கணும்னு சொன்ன 2005 ஜேக்கப் மேத்யூ, ஆக்சிடென்ட்ல அடிபட்டு வந்தவங்களுக்கு போலீஸ் ஃபார்மாலிட்டிக்காக காத்திருக்காம வைத்தியம் பாருன்னு சொன்ன 1989 பரமானந்த் கட்டாரா.

ஸ்டெப் 7: என்ரோல்மென்ட்

பாண்டியா இருந்தாலும் கடலூரா இருந்தாலும் ஒரே பார் கவுன்சில் தான், தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில், சென்னை. 2024 ஜூலைல சுப்ரீம் கோர்ட்டு என்ரோல்மென்ட் ஃபீஸ் சட்டத்துல சொன்ன 750 ரூபாக்கு மேல வாங்கக் கூடாது, எஸ்சி எஸ்டிக்கு 125 தான்னு சொல்லிடுச்சு. அப்புறம் அகில இந்திய பார் தேர்வு, 100 கேள்வி, அதையும் பாஸ் பண்ணணும். மெடிக்கல் கவுன்சில்ல டாக்டரா பதிவு வச்சிருக்கிறவங்க பிராக்டிஸ நிறுத்துறத பத்தி என்ரோல்மென்ட் ஃபார்ம்லயே உண்மைய எழுதிடுங்க.

ஜூனியரா சேரும்போது எல்லாரும் பெரிய மெடிக்கல் நெக்லிஜென்ஸ் கேஸ் வேணும்னு அலையுவாங்க. அது வருஷத்துக்கு எத்தன வரும்? மோட்டார் விபத்து கேஸ் நடத்துற சீனியர்கிட்ட போங்க, ஈசிஆர் இருக்கிற வரைக்கும் நம்ம பக்கம் அதுக்கு பஞ்சமில்ல. அங்க சண்டையே ஊனம் எத்தன சதவீதம்னு தான். 2010ல வந்த ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்ப கைல வச்சுக்கோங்க, உடம்புல 30 சதவீத ஊனம்னு டாக்டர் குடுத்தா சம்பாத்தியமும் அதே 30 தான் போச்சுன்னு எடுத்துக்கக் கூடாது, அந்த ஆளு என்ன வேலை பார்த்தாருன்னு பாருன்னு சொல்லுது. துறைமுகத்துல மீன் பெட்டி தூக்கினவருக்கும் கடைல கணக்கு எழுதினவருக்கும் முழங்கால் ஒண்ணு தான், நஷ்டம் வேற. அந்த முழங்கால் ஏன் மடங்கலன்னு டாக்டர்கிட்ட எந்தக் கேள்வி கேட்டா ஜட்ஜுக்கு புரியும்னு அந்த ஹால்ல உங்களுக்கு மட்டும் தான் தெரியும், சீனியர் உங்கள பக்கத்துல உக்கார வச்சுக்கிறதும் அதுக்கு தான்.